விசா இருக்கு, டிக்கெட் இருக்கு, ஏன் ஏத்த மாட்டேங்கிறாங்க?

(வேலைக்காகவும் படிப்புக்காகவும் வெளிநாடு செல்லவிருப்போருக்கான விளக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



தலைப்புல இருக்கிற கேள்வி என்னுடையது இல்லை. 2021 செப்டம்பர் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டி எனக்கு வந்த போன் கால்ல ஒரு தம்பி கேட்டது. அப்போ நான் பயண விதிகள் பத்தி வர்ற சந்தேகங்களுக்குப் பதில் சொல்ற வேலையில இருந்தேன். அந்தத் தம்பி பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிச் சென்னை விமான நிலையத்துக்கு வந்திருந்தார். துபாய்ல வேலை. விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர், தடையில மாட்டிக்கிட்டு மாசக்கணக்கா வீட்டிலேயே இருந்துட்டு, இப்பதான் திரும்பப் போறார். விடியற்காலை 4 மணிக்கு விமானம். விசா செல்லும். டிக்கெட் இருக்கு. இரண்டு தவணை தடுப்பூசி போட்டாச்சு. ஆர்டி-பிசிஆர் பரிசோதனையில நெகட்டிவ். ஆனா கவுண்டர்ல திருப்பி அனுப்பிட்டாங்க.

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். துபாய்க்கு அப்போ 48 மணி நேர விதி. தம்பி ரிப்போர்ட் கைக்கு வந்த வியாழக்கிழமை காலை 10 மணியிலிருந்து கணக்குப் போட்டிருக்கார். அப்படிப் பார்த்தா சனிக்கிழமை காலை 10 மணி வரைக்கும் செல்லும். ஆனா விதி சொல்றது ரிப்போர்ட் வந்த நேரத்தை இல்லை, சளி மாதிரி எடுத்த நேரத்தை. மாதிரி எடுத்தது புதன்கிழமை மாலை 6 மணி. விமானம் கிளம்புறப்போ 58 மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவுதான் விஷயம். ரிப்போர்ட்லயே மாதிரி எடுத்த நேரம், ரிப்போர்ட் தந்த நேரம் இரண்டும் அச்சடிச்சிருந்துச்சு. அவர் பார்த்தது இரண்டாவதை.

இன்னொரு டிக்கெட் வாங்கி, இன்னொரு பரிசோதனை எடுத்து, ஒன்பது நாள் கழிச்சுப் போய்ச் சேர்ந்தார். வேலை போகலை. ஆனா அந்த டிக்கெட் காசு அவங்க அம்மா நகையை அடகு வச்சு வாங்கினது. அதை அவர் போன்ல சொன்னப்போ எனக்குப் பதில் பேச வரலை.

இன்னைக்கு நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். விசாங்கிறது ஒரு நாட்டுக்குள்ள போகக் கேட்கிற பல நிபந்தனைகள்ல ஒண்ணு மட்டும்தான். மத்த நிபந்தனைகள் நாளுக்கு நாள் மாறலாம். பெருந்தொற்றுக் காலம் அதை நமக்குக் காசு செலவழிச்சுக் கத்துக்கொடுத்துச்சு. அந்தப் பாடத்தை நாம மறந்துடக் கூடாது.

கதவுகள் மூடிய கதை

கொஞ்சம் பின்னாடி போவோம். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதே நாள் இந்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மார்ச் 13 முதல் ஏப்ரல் 15 வரை, ஏற்கெனவே வழங்கப்பட்ட விசாக்களில் பெரும்பாலானவை நிறுத்திவைக்கப்பட்டன. தூதரக, அலுவல், வேலைவாய்ப்பு விசா போன்ற சில வகைகளுக்கு மட்டும் விலக்கு. பாருங்க, அந்த விசாக்கள்ல எந்தத் தப்பும் இல்லை. காலாவதியும் ஆகலை. பாஸ்போர்ட்ல ஒட்டியிருந்த விசா அப்படியே இருக்க, ஒரே அறிவிப்புல அதுக்குச் செல்லுபடி இல்லாம போச்சு.

அடுத்து மார்ச் 22 முதல், வெளிநாட்டுப் பயணிகள் விமானம் எதுவும் இந்தியாவில் தரையிறங்கக் கூடாது என்று உத்தரவு. முதலில் சொன்னது ஒரு வாரம். அந்த ஒரு வாரம் நீண்டு நீண்டு, வழக்கமான பன்னாட்டு விமான சேவை முழுமையாகத் திரும்பியது 2022 மார்ச் 27 அன்று. இடையில் சிறப்பு விமானங்களும், சில நாடுகளோடு தனித்தனியாகப் பேசி முடிவு செய்த ‘ஏர் பபிள்’ விமானங்களும் மட்டும்தான் ஓடின.

2020 மே 7 அன்று ‘வந்தே பாரத்’ விமானங்கள் தொடங்கின. கடற்படைக் கப்பல்களும் வந்தன. தூத்துக்குடிக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜூன் 2 அன்று ஐஎன்எஸ் ஜலஷ்வா கொழும்பிலிருந்து 685 பேரை வ.உ.சி. துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. ஜூன் 7 அன்று மாலத்தீவிலிருந்து 700 பேர். ஜூலை 1 அன்று ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து அதே கப்பல் மறுபடி வந்தது. அதில் நம்ம மீனவர்கள் பலர் இருந்தாங்க. நம்ம சொந்த நாட்டுக்கு, சொந்த ஊருக்கு வர்றதுக்கே முன்பதிவு, உடல்நலப் பரிசோதனை, தனிமைப்படுத்தல்னு இத்தனை படி இருந்துச்சு. அப்படின்னா அடுத்தவங்க நாட்டுக்குள்ள போக எத்தனை படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

ஒவ்வொரு கதவும் கேட்ட நாலு கேள்வி

அந்த இரண்டு வருஷத்துல ஒவ்வொரு நாடும் நூத்துக்கணக்கில் சுற்றறிக்கை போட்டுச்சு. அத்தனையையும் ஒருத்தர் மனப்பாடம் பண்ண முடியாது. ஆனா எல்லாத்தையும் அலசிப் பார்த்தா உள்ளே இருந்தது நாலே நாலு கேள்விதான். இந்த நாலும் தெரிஞ்சா, நாளைக்கு எந்தப் புது விதி வந்தாலும் நீங்களே படிச்சுப் புரிஞ்சுக்கலாம்.

முதல் கேள்வி: நீங்க யார்?

எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எந்த வகை விசா, அந்த நாட்டுல உங்களுக்கு வசிப்புரிமை இருக்கா? ஒரே குடும்பத்துக்குள்ளேயே இதுக்கு வேற வேற பதில் இருக்கலாம்.

இந்தியா 2020 மார்ச்சில் விசாக்களை நிறுத்தியபோது, ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களின் விசா இல்லாப் பயணச் சலுகையும் சேர்ந்தே நின்றது. ஓசிஐங்கிறது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை. அமெரிக்காவுல வேலை பார்த்த அப்பா அம்மா இந்தியப் பாஸ்போர்ட். அங்கே பிறந்த இரண்டு வயசுக் குழந்தை அமெரிக்கப் பாஸ்போர்ட். வேலை போயிடுச்சு, ஊர் திரும்பணும். ‘வந்தே பாரத்’ விமானத்துல பெற்றோருக்கு இடம் உண்டு, குழந்தைக்குக் கிடையாது. இப்படிச் சிக்கின குடும்பங்கள் நிறைய. 2020 மே 22 அன்றுதான் உள்துறை அமைச்சகம் விதியைத் தளர்த்தியது: இந்தியக் குடிமக்களுக்கு வெளிநாட்டில் பிறந்து ஓசிஐ அட்டை வைத்திருக்கும் சிறு குழந்தைகள், குடும்பத்தில் இறப்பு போன்ற அவசரத்துக்காக வருபவர்கள், கணவன் மனைவியில் ஒருவர் இந்தியராக இருப்பவர்கள் என்று சில பிரிவினருக்கு அனுமதி கிடைத்தது. அட்டைதாரர்கள் எல்லாருக்கும் வழி திறந்தது அந்த வருஷம் அக்டோபரில்.

பாடம்: ‘எங்க குடும்பத்துக்கு’ன்னு ஒட்டுமொத்தமா விதி தேடாதீங்க. ஒவ்வொருத்தர் பாஸ்போர்ட்டையும் தனித்தனியா எடுத்து வச்சுப் படிங்க.

இரண்டாவது கேள்வி: கடந்த 14 நாளா எங்கே இருந்தீங்க?

இதுதான் வளைகுடாவுக்குப் போன நம்ம ஆட்களை ரொம்பப் பாடாய்ப்படுத்தின கேள்வி. 2020 செப்டம்பரில் சவுதி அரேபியா இந்தியாவுடனான பயணத்தை நிறுத்தியது. முந்தைய 14 நாளில் இந்தியாவில் இருந்தவர்களும் உள்ளே வர முடியாது. கவனிங்க, தடை இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இல்லை, இந்தியாவில் இருந்ததுக்கு. அதனால ஒரு வழி பிறந்துச்சு. துபாய்க்குப் போய் 14 நாள் தங்கி, அங்கிருந்து சவுதி போறது. ஏஜென்ட்டுகள் இதையே பேக்கேஜா வித்தாங்க. அறை வாடகை, சாப்பாடு, பரிசோதனை, இரண்டு டிக்கெட். கடன் வாங்கிப் போனாங்க.

2021 பிப்ரவரி 3 அன்று இரவு, சவுதி அரேபியா 20 நாடுகளிலிருந்து வருபவர்களுக்குக் கதவை மூடியது. பட்டியலில் இந்தியா இருந்தது. ஐக்கிய அரபு அமீரகமும் இருந்தது. 12 நாள், 13 நாள் தங்கி முடிச்சவங்க துபாயிலேயே நின்னாங்க. நாலு நாள் கழிச்சு, பிப்ரவரி 7 முதல் குவைத்தும் வெளிநாட்டினர் வருகையை நிறுத்தியது. கையில் இருந்த காசு தீர்ந்துச்சு, விசிட் விசா நாள் ஓடுச்சு. அமீரகத்திலுள்ள இந்தியத் தூதரகம், சவுதி, குவைத் செல்ல அமீரகத்தை இடைவழியாகப் பயன்படுத்த வேண்டாம் என்றும், சிக்கியவர்கள் ஊர் திரும்பிவிடுமாறும் அறிவுறுத்தியது. சவுதி இந்தியாவிலிருந்து எல்லாரையும் நேரடியாக வர அனுமதித்தது 2021 டிசம்பர் 1 முதல்தான். அப்பவும், சவுதியிலேயே தடுப்பூசி போட்டிருக்காதவங்களுக்கு அங்கே 5 நாள் தனிமைப்படுத்தல் உண்டு.

இதுல ஒரு ஆறுதல் என்னன்னா, ஊர்ல சிக்கினவங்களோட இக்காமாவையும் எக்சிட் ரீ-என்ட்ரி விசாவையும் சவுதி அரசு கட்டணமில்லாம பல தடவை நீட்டிச்சுது. ஆனா ஒவ்வொரு நீட்டிப்புக்கும் ஒரு கடைசித் தேதி இருந்துச்சு. எந்தத் தேதி வரைக்கும்னு தன் பதிவுல பார்த்து வச்சுக்கிட்டவங்க அடுத்த நீட்டிப்பைக் கவனமா எதிர்பார்த்தாங்க. பார்க்காதவங்க, கதவு திறக்கிற நாள்லதான் தங்களோடது முடிஞ்சுபோனதைத் தெரிஞ்சுக்கிட்டாங்க.

பாடம்: இடையில இறங்குற நாட்டோட விதியும் உங்க விதிதான். போற நாடு, வழி நாடு, திரும்பி வர்றப்போ நம்ம நாடு, மூணையும் பாருங்க.

மூன்றாவது கேள்வி: உங்க உடம்புக்கு என்ன சான்று?

அதாவது தடுப்பூசியும் பரிசோதனையும். பரிசோதனை மணிக்கணக்கைத் தம்பி கதையில பார்த்தோம். 72, 48, 24 எதுவானாலும், எப்போதிலிருந்து எப்போது வரைங்கிறதைத்தான் முதல்ல படிக்கணும். மாதிரி எடுத்ததிலிருந்தா, முடிவு வந்ததிலிருந்தா? விமானம் கிளம்புற வரைக்குமா, போய் இறங்குற வரைக்குமா? இரண்டு விமானம் மாறிப் போறவங்களுக்கு எந்த விமானம் கணக்கு? இதை விதியிலேயே எழுதியிருப்பாங்க. துண்டுத்தாள்ல நேரத்தை எழுதிக் கழிச்சுப் பார்த்தாப் போதும்.

தடுப்பூசிக் கதை இன்னும் சுவாரசியமானது. 2021 மே மாதம் கோவிஷீல்டு இரண்டு தவணைக்கு இடையே 12 முதல் 16 வாரம் என்று ஆனது. ஆகஸ்ட், செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் மாணவர்கள் தவித்தார்கள். ஜூன் 7 அன்று ஒன்றிய அரசு தனி நடைமுறை வெளியிட்டது. படிப்புக்கும் வேலைக்கும் வெளிநாடு செல்வோர், டோக்கியோ ஒலிம்பிக் வீரர்கள் ஆகியோர் 28 நாளுக்குப் பிறகு இரண்டாம் தவணை போட்டுக்கொள்ளலாம். சான்றிதழில் பாஸ்போர்ட் எண் சேர்க்கப்படும். தெரிஞ்சவங்க நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாங்க. தெரியாதவங்க 84 நாள் காத்திருந்தாங்க.

கோவாக்சின் போட்டவங்களுக்கு வேற சிக்கல். பல நாடுகள் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்தன. அந்தப் பட்டியலில் கோவாக்சின் சேர்ந்தது 2021 நவம்பர் 3. அமெரிக்கா தடுப்பூசி போட்ட வெளிநாட்டினருக்குக் கதவு திறந்தது நவம்பர் 8. ஐந்து நாள் இடைவெளியில் தப்பிச்சவங்க எத்தனையோ பேர்.

இன்னொன்று ரொம்ப முக்கியம். தடுப்பூசியை ஏத்துக்கிறது வேற, சான்றிதழை ஏத்துக்கிறது வேற. 2021 செப்டம்பரில் பிரிட்டன் கோவிஷீல்டு மருந்தை ஏற்றது. ஆனால் இந்தியாவில் தரப்படும் சான்றிதழை ஏற்கவில்லை. இரண்டு தவணை போட்டவரும் போடாதவராகவே கணக்கு. பதிலுக்கு இந்தியா அக்டோபர் 4 முதல், பிரிட்டனிலிருந்து வரும் அந்நாட்டுக் குடிமக்களுக்கு 10 நாள் தனிமைப்படுத்தலை விதித்தது. அதுக்கு நடுவுல நம்ம கோவின் சான்றிதழிலும் ஒரு மாற்றம் வந்துச்சு: வெளிநாட்டுப் பயணத்துக்கான சான்றிதழில் முழுப் பிறந்த தேதி, ஆண்டு-மாதம்-நாள் வரிசையில். அக்டோபர் 11 முதல் பிரிட்டன் இந்தியச் சான்றிதழை ஏற்றது. பழைய சான்றிதழை எடுத்து வச்சிருந்தவங்க, பிறந்த தேதியோட புதுசா மறுபடி பதிவிறக்கம் செய்ய வேண்டியிருந்துச்சு.

நான்காவது கேள்வி: படிவம் நிரப்பினீங்களா?

இந்தியா வர்றவங்களுக்கு ‘ஏர் சுவிதா’ தளத்தில் சுய அறிவிப்பு. அமீரகத்துக்கு வசிப்புரிமை உள்ளவங்க முன் அனுமதி. சிங்கப்பூருக்கு வருகை அட்டையும் உடல்நல அறிவிப்பும். படிவம் சின்னதுதான். ஆனா அது இல்லாம போர்டிங் பாஸ் கிடையாது. விமான நிலையத்து வைஃபையில், பின்னாடி நூறு பேர் நிக்க, பாஸ்போர்ட் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஏத்த முயற்சி பண்ணி, ‘ஃபைல் சைஸ் அதிகம்’னு வந்தப்போ கண் கலங்கின பெரியவங்களை நான் பார்த்திருக்கேன். அந்தப் போட்டோவை வீட்டிலேயே எடுத்துச் சின்னதாக்கி வச்சிருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

நம்ம இனிஷியல் சிக்கல்

இது தமிழ்நாட்டுக்காரங்களுக்கே உரிய தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதார்ல ‘க. செல்வம்’னு ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல அப்பா பேரோட விரிச்சு ஒரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றிதழ்ல பின்னாடி இனிஷியல். கோவின் சான்றிதழ் பெரும்பாலும் ஆதாரைக் காட்டி எடுத்தது; அதுல ஆதார் பேரு வந்துச்சு. வெளிநாட்டுக் கவுண்டர்ல இருக்கிறவருக்கு ‘க.’ன்னா கந்தசாமின்னு எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்கு இரண்டும் இரண்டு ஆள்.

பெருந்தொற்று ஓய்ந்த பிறகும் இது விடலை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று விதி கொண்டுவந்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று விளக்கம் வந்தது. ஆகவே பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரிச்சு, பெயர், குடும்பப் பெயர் இரண்டு கட்டத்தையும் நிரப்புங்க. எடுத்த பிறகு விசா, டிக்கெட், தடுப்பூசிச் சான்று, காப்பீடு எல்லாத்துலயும் ஓர் எழுத்துகூட மாறாம அதே பேரு. வெளிநாட்டுப் பயணத்துல உங்க பேரு அப்பா அம்மா ஆசையா வச்ச பேரு இல்லைங்க, பாஸ்போர்ட்ல அச்சடிச்ச பேரு.

நிறுத்துறது யார்?

தம்பியை நிறுத்தினது துபாய் அதிகாரி இல்லை, சென்னையில் இருந்த விமான நிறுவன ஊழியர். ‘அவங்க யாரு என்னைத் தடுக்க?’ன்னு கோபப்படுவோம். காரணம் இருக்கு. தகுதியில்லாத பயணியைக் கொண்டுபோய் இறக்கினா, அவரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டிய பொறுப்பு அந்த நிறுவனத்துக்கு. பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால ஒவ்வொரு பயணியோட பாஸ்போர்ட், விசா, சேரும் நாடு எல்லாத்தையும் ‘டைமேட்டிக்’ என்ற பன்னாட்டுத் தரவுத்தளத்துல சரிபார்க்கிறாங்க. கவுண்டர் ஊழியருக்கு உங்க கஷ்டம் புரியலாம். ஆனா திரையில் ‘இல்லை’ன்னு வந்தா அவரால ஏத்த முடியாது. அங்கே வாதாடி ஜெயிக்க முடியாது. வீட்டிலிருந்து கிளம்புறதுக்கு முன்னாடிதான் ஜெயிக்கணும்.

‘அதான் கொரோனா போயிடுச்சே?’

இந்தக் கேள்வி உங்க மனசுல வந்திருக்கும். சரிதான். 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட் அவசரநிலையை முடித்துக்கொண்டது. ஆனா விதிகள் எப்படிப் போய்த் திரும்பும்னு ஓர் உதாரணம் பாருங்க. ‘ஏர் சுவிதா’ படிவத்தை இந்தியா 2022 நவம்பர் 22 அன்று நிறுத்தியது. அப்பாடான்னு இருந்தோம். ஏறக்குறைய 40 நாளில், 2023 ஜனவரி 1 முதல், சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய இடங்களிலிருந்து வருபவர்களுக்கு அது மறுபடி கட்டாயமானது. பிப்ரவரி 13 அன்று திரும்பவும் நீங்கியது. பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்தவங்க பலர் விமான நிலையத்துலதான் தெரிஞ்சுக்கிட்டாங்க.

அதுவுமில்லாம, கோவிட் வர்றதுக்கு வெகுநாள் முன்னாடியிலிருந்தே இப்படி ஒரு விதி இருக்கு. அதுதான் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இது மஞ்சள் காமாலை இல்லை, வேற நோய். நைஜீரியா, கானா, உகாண்டா மாதிரி ஆப்பிரிக்க நாடுகளுக்கோ, தென் அமெரிக்காவில் சில நாடுகளுக்கோ வேலைக்குப் போறவங்களுக்கு இது தேவை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும்; அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அந்த நாடுகளிலிருந்து சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். எங்கே இருந்தீங்க, என்ன சான்றுன்னு அதே கேள்விகள்தான், பாருங்க. பயணத்துக்கு முதல் நாள் ஊசி போட வந்து நிக்காதீங்க.

படிவங்களும் போகலை, உருமாறி நிக்குது. சிங்கப்பூர் வருகை அட்டை, மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை, 2025 மே 1 முதல் தாய்லாந்தின் டிஜிட்டல் அட்டை. மூன்றையும் நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். மூன்றும் இலவசம். இதை அழுத்திச் சொல்றேன், மூன்றும் இலவசம். தேடுபொறியில் தேடினா முதல்ல விளம்பரமா வர்ற சில தளங்கள் அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கடைசியில கார்டு எண் கேட்கும். முகவரியோட வால் பகுதியைப் பாருங்க. சிங்கப்பூர்னா ‘டாட் கவ் டாட் எஸ்ஜி’, மலேசியான்னா ‘டாட் கவ் டாட் எம்ஒய்’, தாய்லாந்துன்னா ‘டாட் கோ டாட் டிஎச்’. வேற வால் இருந்தா வெளியே வந்துடுங்க. இன்னொன்னு, வருகை அட்டை விசா இல்லை. விசா தேவைப்பட்டா அதைத் தனியா எடுக்கணும்.

கையில் இருக்கிற போனைக் காவலாக்குங்க

இப்ப நடைமுறைக்கு வருவோம். மூணு தடவை பார்க்கிற பழக்கம் வேணும். டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை. கிளம்ப மூணு நாள் இருக்கிறப்போ ஒரு தடவை. வீட்டை விட்டு விமான நிலையத்துக்குப் புறப்படுறப்போ ஒரு தடவை. மூணாவது தடவை தேவையான்னு கேட்பீங்க. பிப்ரவரி 3 ராத்திரியை நினைச்சுப் பாருங்க.

எங்கே பார்க்கிறது? போற நாட்டோட குடியேற்றத் துறையின் அரசுத் தளம் முதல்ல. அந்த நாட்டுல இருக்கிற இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பு அடுத்து. விமான நிறுவனத்தோட பயண ஆவணப் பக்கம் மூணாவது. மூணும் ஒரே மாதிரி சொன்னா நிம்மதியாப் போகலாம். முரணா இருந்தா, விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்துல பதில் வாங்குங்க.

வாட்ஸ்அப் ஃபார்வர்டு வந்தா மூணு விஷயம் தேடுங்க. தேதி இருக்கா? எந்தப் பாஸ்போர்ட்டுக்குன்னு இருக்கா? எந்த விசா வகைக்குன்னு இருக்கா? மூணுல ஒண்ணு இல்லேன்னாலும் அதை வச்சுக் காசு கட்டாதீங்க. ‘எங்க மச்சான் போன வாரம் இப்படித்தான் போனார்’ங்கிறதும் சான்று இல்லை. மச்சானோட விசா வேற, வாரமும் வேற.

பாஸ்போர்ட் முதல், கடைசிப் பக்கம், விசா, தடுப்பூசிச் சான்று, டிக்கெட், காப்பீடு எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல, இணையம் இல்லாம திறக்கிற மாதிரி சேமிச்சு வையுங்க. டிஜிலாக்கரிலும் தடுப்பூசிச் சான்றை வச்சுக்கலாம். அதோட ஒரு செட் காகித நகலும் வேணும். சார்ஜ் போன போனை எந்த அதிகாரியும் படிக்க மாட்டார். பெரியவங்க தனியாப் பயணம் போனா, அந்தக் காகிதச் செட்டை அவங்க கைப்பையில வச்சு, எது எந்தக் கவுண்டருக்குன்னு மேலே தமிழ்ல எழுதி அனுப்புங்க.

வேலைக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. ‘இப்ப விசிட் விசாவுல போயிடு, அங்கே மாத்திக்கலாம்’னு சொல்ற ஏஜென்ட்டை நம்பாதீங்க. கதவு மூடுறப்போ முதல்ல மூடுறதும், திறக்கிறப்போ கடைசியா திறக்கிறதும் பெரும்பாலும் சுற்றுலா, விசிட் விசாதான். இந்தியாவே 2020 அக்டோபரில் விசாக்களை மீட்டபோது சுற்றுலா விசாவை விட்டுட்டுத்தான் மீட்டது. ஏஜென்ட் பதிவு பெற்றவரான்னு ‘இ-மைக்ரேட்’ தளத்துல பாருங்க. குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டோடு வளைகுடா போன்ற நாடுகளுக்கு முறைப்படி போறவங்களுக்கு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு கட்டாயம். விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம் ரூபாய். விசிட் விசாவுல போய் வேலை செஞ்சா அந்தப் பாதுகாப்பும் இல்லை. அங்கே போய்ச் சிக்கல்னா வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் புகார் பதியலாம். நம்ம மாநிலத்துல அயலகத் தமிழர் நலத்துறை இருக்கு. போறதுக்கு முன்னாடியே அதுல பதிவு பண்ணி வையுங்க. சிக்கின பிறகு தேடுறதைவிட அது சுலபம்.

கடைசியா, அந்தப் பட்டுக்கோட்டைத் தம்பி. ஒன்பது நாள் கழிச்சு விமானம் ஏறுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். பழைய காலண்டர் தாள்ல பேனாவால எழுதின கணக்கு. ‘மாதிரி எடுத்தது: ஞாயிறு காலை 9. விமானம்: திங்கள் இரவு 10. ஆனது: 37 மணி. மீதி: 11.’ கீழே, ‘சரியாண்ணே?’ன்னு கேட்டிருந்தார்.

சரின்னு பதில் போட்டேன். என்கிட்ட அவர் கேட்டிருக்கவே வேண்டாம். கணக்கு அவரே சரியாப் போட்டுட்டார். நீங்களும் உங்க பயணத்துக்கு அப்படி ஒரு தாளை வீட்டிலேயே எழுதிட்டுக் கிளம்புங்க. போயிட்டு நல்லபடியா வாங்க.